நாலு முழ வேட்டியும் நல்ல வெளிச்சமும்

1956-இல் வெளிவந்த 'அபராஜிதோ' படத்தில் காசி நகரத்து வீடு ஒன்று வருகிறது. நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், மேலே திறந்த வானம். உண்மையில் அது கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா போட்ட செட். முற்றத்து வீட்டில் வெளிச்சம் மேலிருந்து பரவலாக இறங்கும். நிழல் இன்ன பக்கம் என்று சொல்ல முடியாது. ஸ்டுடியோ விளக்குகளை நேராகத் திருப்பினால் ஆளுக்கு நான்கு நிழல் விழுந்து, செட் என்பது முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். சத்யஜித் ராயின் ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா அப்போது இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். அவர் செட்டின் தலைக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டச் சொன்னார். விளக்குகளைக் கீழே வைத்து அந்தத் துணியின் மேல் அடித்தார். துணியில் பட்டுத் திரும்பி வந்த வெளிச்சத்தில்தான் படம் எடுக்கப்பட்டது. இந்திய சினிமாவின் பேசப்படும் ஒளியமைப்புகளில் ஒன்று பிறந்தது இப்படித்தான்.

இன்று முகப்படம் எடுக்க ஆசைப்படுகிறவர் கேமரா கடைக்குப் போனால் சாஃப்ட்பாக்ஸ், ஆக்டாபாக்ஸ், பியூட்டி டிஷ், ஸ்னூட், கிரிட் என்று வரிசையாக எடுத்துப் போடுவார்கள். விலையைக் கேட்டால் கேமராவுக்குக் கொடுத்ததில் கணிசமான பங்கு இதற்கே போய்விடும் போலிருக்கும். இந்தச் சாமான்கள் எவையும் வெளிச்சத்தை உண்டாக்குவதில்லை. விளக்கிலிருந்து கிளம்பிய ஒளியை முகத்துக்குப் போகும் வழியில் மறிக்கின்றன, பரப்புகின்றன, திருப்புகின்றன, குறுக்குகின்றன. விளக்கை வீட்டில் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. வழியில் நிற்கும் சாமான்களில் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அவற்றில் சில கடைச் சரக்குக்குக் கொஞ்சமும் குறைந்தவை அல்ல. சிலவற்றைச் செய்ய மெனக்கெடுவதைவிட வாங்கிவிடுவது மேல். எது எந்த வகை என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் செலவு மட்டுமல்ல, ஏமாற்றமும் மிச்சம்.

கைக்குக் கிடைத்ததை வைத்து வெளிச்சம் செய்துகொள்வது புகைப்படக் கலையளவுக்கே பழைய வழக்கம். இங்கிலாந்தின் வைட் தீவில் வாழ்ந்த ஜூலியா மார்கரெட் கேமரூன் 1863-இன் கடைசியில், 48 வயதில், மகள் பரிசளித்த கேமராவோடு படமெடுக்கத் தொடங்கினார். நிலக்கரி போட்டு வைத்திருந்த கொட்டகை அவருக்கு இருட்டறை ஆயிற்று. கண்ணாடி வேய்ந்த கோழிக்கூடு ஸ்டுடியோ ஆயிற்று. டென்னிசன், டார்வின் போன்றவர்களின் முகங்களை உலகம் இன்றும் நினைவில் வைத்திருப்பது அவருடைய படங்களால்தான். பிற்காலத்தில் அவர் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, அங்குள்ள தோட்டங்களில் வேலை செய்தவர்களையும் படமெடுத்து, 1879-இல் அங்கேயே காலமானார்.

நியூயார்க் சேரிகளை உலகுக்குக் காட்டிய ஜேக்கப் ரீஸ் இன்னும் துணிந்தவர். 1887-இல் ஜெர்மனியில் மக்னீசிய ஃப்ளாஷ் பொடி கண்டுபிடிக்கப்பட்ட செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு இருண்ட குடியிருப்புகளுக்குள் நுழைந்தார். பொடியைச் சுடத் தொடக்கத்தில் துப்பாக்கி போன்ற கருவி ஒன்று இருந்தது. நள்ளிரவில் துப்பாக்கியோடு வாசலில் நிற்கும் ஆளைக் கண்டு மக்கள் மிரண்டதால், அதைவிட்டு ஒரு வாணலியில் பொடியைக் கொட்டிக் கொளுத்த ஆரம்பித்தார். வெளிச்சம் வந்தது, விபத்தும் வந்தது. இரண்டு முறை வீட்டில் தீப்பிடித்தது, ஒருமுறை தன் மேலேயே பிடித்துக்கொண்டது என்று அவரே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். வீட்டுத் தயாரிப்பில் எதைத் தொடக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தேவையில்லை.

பணத்துக்குக் குறைவில்லாதவர்களும் எளிய வெளிச்சத்தைத் தேடிப் போயிருக்கிறார்கள். வோக் பத்திரிகைக்காகப் பெரு நாட்டுக்குப் போன இர்விங் பென், 1948 கிறிஸ்துமஸ் சமயத்தில் குஸ்கோ நகரத்துப் புகைப்படக்காரர் ஒருவரின் ஸ்டுடியோவை வாடகைக்கு எடுத்தார். அங்கே இருந்தது ஒரு பக்கத்து இயற்கை வெளிச்சமும் பழைய திரையும்தான். அந்தச் சில நாட்களில் எடுத்த படங்கள் அவருடைய ஆகச் சிறந்தவற்றில் சேர்ந்துவிட்டன. அந்த வெளிச்சத்தை எங்கும் எடுத்துப் போக வேண்டும் என்பதற்காகவே பின்னாளில் ஒரு கூடாரம் தைத்துக்கொண்டு ஆப்பிரிக்காவுக்கும் நியூ கினிக்கும் மொராக்கோவுக்கும் போனார். ரிச்சர்ட் அவெடன் 1979-இலிருந்து 1984 வரை அமெரிக்க மேற்கு மாநிலங்களில் சுரங்கத் தொழிலாளர்களையும் ஊர்சுற்றிகளையும் எடுத்தபோது, கட்டடங்களின் நிழல் பக்கத்தில் வெள்ளைக் காகிதத்தை ஒட்டி, அதன் முன்னால் ஆளை நிறுத்தினார். விளக்கே இல்லை. நிழலில் பரவியிருந்த வானத்து வெளிச்சம் போதுமானதாக இருந்தது.

ரீஸைத் தவிர இவர்கள் எல்லோரும் நம்பியது ஒரே விதியை. முகத்திலிருந்து பார்த்தால் வெளிச்சம் வரும் பரப்பு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, அவ்வளவுக்கு நிழலின் விளிம்பு மென்மையாகும். சூரியனின் விட்டம் ஏறக்குறைய 14 லட்சம் கிலோமீட்டர். ஆனால் அது 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால், ஒரு மீட்டர் தூரத்தில் வைத்த ஒரு செண்டிமீட்டர் வட்டமாகத்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால்தான் உச்சி வெயிலில் மூக்கின் நிழல் கத்தியால் கீறியதுபோல் விழுகிறது. ஒரு மீட்டர் அகலத் துணியை ஒரு மீட்டர் தூரத்தில் நிறுத்தி, அதன் பின்னாலிருந்து சின்ன ஃப்ளாஷை அடித்தால், முகத்துக்கு அந்தத் துணி சூரியனைவிட நூறு மடங்கு அகலமான விளக்கு. துணி எந்தக் கம்பெனியுடையது என்று ஒளிக்குத் தெரியாது.

தூரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. விளக்கிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப் போனால் வெளிச்சம் கால் பங்காகும். மூன்று மடங்கு தள்ளினால் ஒன்பதில் ஒரு பங்கு. இதைத் தெரிந்துகொண்டால் பின்னணித் திரையே வேண்டாம். முகம் விளக்கிலிருந்து ஒரு மீட்டரிலும், பின்சுவர் மூன்று மீட்டரிலும் இருந்தால் வெள்ளைச் சுவர்கூடப் படத்தில் கருஞ்சாம்பல் நிறமாகிவிடும். அதே சுவருக்குப் பக்கத்தில் ஆளை நிறுத்தி, விளக்கையும் தள்ளி வைத்தால் சுவர் வெள்ளையாகவே இருக்கும். வெளிச்சத்தின் இறக்கம் முகத்துக்குள்ளேயே தெரியும். விளக்கு ஒரு மீட்டரில் இருக்கும்போது, மூக்கைவிடப் பதினைந்து செண்டிமீட்டர் தள்ளியிருக்கும் காதுக்குக் கிட்டத்தட்ட கால் பங்கு வெளிச்சம் குறைகிறது. விளக்கை மூன்று மீட்டருக்கு நகர்த்தினால் அந்தக் குறைவு பத்தில் ஒரு பங்குகூட இல்லை. முகம் திரண்டு தெரிய வேண்டுமா, தட்டையாகத் தெரிய வேண்டுமா என்பதை இங்கேயே தீர்மானித்துவிடலாம்.

வீட்டில் செய்யக்கூடியவற்றில் முதலிடம் துணிச் சட்டத்துக்குத்தான். சினிமாப் படப்பிடிப்பில் நடிகர் தலைக்கு மேலே வெயிலைத் தணிக்க லைட்மேன்கள் பிடித்து நிற்கும் ஸ்கிம்மர் இதன் பெரிய அண்ணன். பிளம்பிங் கடையில் பிவிசி பைப் இருபதடி நீளமாகக் கிடைக்கிறது. நாலடிக்கு ஆறடி சட்டத்தின் சுற்றளவும் சரியாக இருபதடி. நாலாக வெட்டி, மூலைக்கு ஒரு எல்போ போட்டால் சட்டம் தயார். நாலு முழ வேட்டி ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம், ஒன்றேகால் மீட்டர் அகலம் இருக்கும். அதாவது ஆறரை அடிக்கு நாலடிக்குக் கொஞ்சம் மேல். சட்டத்தை மூடி, மடித்து விடவும் கொஞ்சம் மிஞ்சும். கரை வேட்டியின் நீளவாட்டில் ஓடுவதால் அதைப் பைப்பின் பின்பக்கமாக மடித்து பைண்டர் கிளிப்பால் பிடித்துவிட்டால், பச்சைக் கரையோ சிவப்புக் கரையோ முகத்துக்கு வரும் வெளிச்சத்தைத் தொடாது.

செய்யும்போது சில நுணுக்கங்கள் உண்டு. அரை அங்குலப் பைப் ஆறடி நீளத்தில் வில்லாக வளைந்துவிடும். முக்கால் அங்குலமோ ஒரு அங்குலமோ எடுப்பது நல்லது. எல்போவில் பசை போடக் கூடாது. இறுக்கிச் செருகினாலே நிற்கும், பிரித்து ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டும் போகலாம். துணி தொய்வாக இருந்தாலும் வெளிச்சம் கெடாது. ஆனால் காற்றில் படபடத்தால் ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் ஒவ்வொரு மாதிரி வரும். பலரும் இடறும் இடம் விளக்கு நிற்கும் தூரம். ஃப்ளாஷைத் துணியை ஒட்டி வைத்தால் துணியின் நடுவில் ஒரு சாண் வட்டம்தான் எரியும். முகத்துக்கு அந்தச் சாண் வட்டம்தான் விளக்கு. மீதித் துணி வீண். மூன்று நாலடி பின்னால் தள்ளி, ஃப்ளாஷின் ஜூமை அகலக் கோணத்தில் வைத்தால்தான் ஆறடிச் சட்டம் முழுக்க எரிந்து ஆறடி விளக்காகும். ஒரு மடிப்பு வேட்டியே வெளிச்சத்தில் பாதியையோ அதற்கு மேலோ விழுங்கிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வேட்டியில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. வெளுத்த துணிக்கு நீலம் போடுவது நம் வீட்டு வழக்கம். சலவைத் தூள்களிலும் துணி பளிச்சென்று தெரிவதற்கான பொருட்கள் சேர்க்கப்படுகின்றன. அவை புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளிவிடுபவை. கண்ணுக்கு இது தூய வெள்ளை. ஃப்ளாஷ் வெளிச்சம் அதன் வழியே வரும்போது முகத்தில் மெல்லிய நீலம் ஏறிவிடும். மாநிறத் தோலில் அது நோய்வாய்ப்பட்ட சாம்பல் நிறமாகத் தெரியும். நீலம் போடாத பழைய வேட்டியோ, வெளுக்காத காடாத் துணியோ இதற்குப் பொருத்தம். காடாவில் லேசான மஞ்சள் வரும். அது முகத்துக்குக் கேடு செய்வதில்லை. எந்தத் துணியானாலும், துணி வழியே வந்த வெளிச்சத்தில் சாம்பல் நிற அட்டையைப் படமெடுத்து, கேமராவில் வொயிட் பேலன்ஸைக் கையால் வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. வெவ்வேறு துணிகளை ஒரே முகத்துக்கு இரு பக்கமும் கட்டினால் மட்டும் எந்தத் திருத்தமும் கைகொடுக்காது.

துணிக்கு அடுத்தது தெர்மாகோல். தமிழ் சினிமாத் தளங்களில் வெளிச்சத்தைத் திருப்பப் பல பத்தாண்டுகளாகப் புழங்கும் சாமான் இது. ஸ்டேஷனரிக் கடையிலும் கிடைக்கும். ஒரு மீட்டர் நீள ஷீட் இரண்டை அகலமான டேப்பால் புத்தகம்போல் இணைத்தால் தானே நிற்கும் ரிஃப்ளெக்டர். ஜன்னல் ஒரு பக்கம், இது மறு பக்கம், நடுவில் ஆள். அவ்வளவுதான் ஸ்டுடியோ. வெள்ளைப் பரப்பு மென்மையாகத் திருப்பும். கசக்கி விரித்த அலுமினியத் தாளை அட்டையில் ஒட்டினால் கூர்மையாகவும் பலமாகவும் திருப்பும். கார் கண்ணாடிக்கு வெயில் மறைப்பாக விற்கும் வெள்ளி விரிப்பும் இந்த வேலையை அருமையாகச் செய்யும், மடித்துப் பையில் வைக்கவும் வசதி. நம் ஊர் வெயிலை வெள்ளிப் பரப்பில் வாங்கி நேராகக் கண்ணுக்குத் திருப்புவது கொடுமை. ஆள் கண்ணைச் சுருக்கிவிடுவார், குழந்தை அழுதுவிடும்.

தெர்மாகோலின் ஒரு முகத்தைக் கறுப்பாக்கி வைத்துக்கொள்வது அவசியம். ஆனால் ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கக் கூடாது. அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலை அரித்துவிடும். அடித்த இடமெல்லாம் குழி விழும். தண்ணீரில் கரையும் போஸ்டர் கலரோ, கறுப்பு சார்ட் பேப்பரோ போதும். இந்தக் கறுப்புப் பக்கத்தின் பயன் பலருக்குத் தெரிவதில்லை. இருக்கும் வெளிச்சத்தைக் கழித்துக் காட்ட அது வேண்டும். வெள்ளைச் சுவர் நாலு பக்கமும் உள்ள சின்ன அறையில், ஜன்னல் வெளிச்சம் எல்லாச் சுவரிலும் பட்டுத் திரும்பி முகத்தைத் தட்டையாக்கிவிடும். நிழல் விழ வேண்டிய கன்னத்தின் பக்கத்தில் கறுப்பைக் கொண்டுவந்து நிறுத்தினால் கன்ன எலும்பு எழும்பும், தாடைக்கோடு தெரியும். விளக்குகளை வாங்கிக் குவிக்கும் பலர் இந்த ஒரு கறுப்பு அட்டையை முயன்று பார்த்திருந்தால் பாதிப் பணம் மிஞ்சியிருக்கும்.

வீட்டுச் சுவரின் நிறமும் ஒரு விளக்குதான். பச்சை, ரோஸ், ஆரஞ்சு என்று கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில் சுவர் அடிப்பது நம் ஊரில் சாதாரணம். ஃப்ளாஷைச் சுவரில் அடித்துத் திருப்பினால் அந்த நிறம் அப்படியே முகத்தில் ஏறும். பச்சைச் சுவர் பச்சை முகத்தைத் தரும். சுவரில் தெர்மாகோலைச் சாய்த்து அதில் அடித்தால் பிரச்சினையில்லை. மொட்டைமாடியில் வெள்ளை கூலிங் டைல்ஸ் பதித்திருந்தால் வேறு சங்கடம். தரை முழுவதும் கீழிருந்து வெளிச்சத்தைத் தள்ளி, மோவாய்க்கு அடியிலும் மூக்குத் துளையிலும் ஏற்றிவிடும். காலடியில் ஒரு கறுப்புப் போர்வையை விரித்தால் முகம் இயல்புக்கு வந்துவிடும்.

இந்த இடத்தில் தோல் நிறத்தைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. தமிழர்களைப் படமெடுப்பதில் நூறு ஆண்டுகளாகத் தீராத அநியாயம் ஒன்று இங்கே இருக்கிறது. கோடாக் நிறுவனம் பிரிண்ட் போடும் லேப்களுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய மாதிரி அட்டைகளில் பல ஆண்டுகள் இருந்தது வெள்ளைத் தோல் பெண்தான். முதலில் அதற்கு நின்றவரின் பெயரால் அவை 'ஷெர்லி அட்டைகள்' எனப்பட்டன. கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் இது குறித்து கோடாக்கில் பணியாற்றியவர்களிடம் கேட்டு எழுதியிருக்கிறார். கறுப்புத் தோல் சரியாக விழவில்லை என்ற மனிதர்களின் குறைக்கு அசையாத நிறுவனம், மர நாற்காலி விற்பவர்களும் சாக்லேட் விற்பவர்களும் தங்கள் சரக்கின் பழுப்பு நிறங்கள் வேறுபட்டுத் தெரியவில்லை என்று முறையிட்ட பிறகுதான் படச்சுருளைத் திருத்த முனைந்தது என்பது அவர் தரும் தகவல். நம் ஸ்டுடியோக்கள் இந்தக் குறையை வேறு வழியில் ஈடுகட்டின. நெகடிவின் மேல் பென்சிலால் தீற்றி முகத்தை வெளுக்க வைத்தார்கள். இன்று அதே வேலையைக் கணினி செய்கிறது. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கப் போனவர் தன்னைவிட இரண்டு படி வெளுத்த ஆளின் படத்தோடு திரும்பி வருகிறார்.

தவறு தோலில் இல்லை, விளக்கின் அளவில் இருக்கிறது. வெளுத்த தோல் தன் மேல் விழும் ஒளியில் பெரும்பங்கைச் சிதறித் திருப்பும். எந்த விளக்கானாலும் ஓரளவு சமாளித்துவிடும். கறுத்த தோலில் வடிவத்தைக் காட்டுவது அதன் மேல்பரப்பில் தெரியும் மினுமினுப்பு. சின்ன ஃப்ளாஷை நேராக அடித்தால் அந்த மினுமினுப்பு நெற்றியிலும் மூக்கிலும் வெள்ளைப் பொட்டாகக் குவிந்து, மற்ற இடமெல்லாம் இருண்டுபோகும். உடனே புகைப்படக்காரர் வெளிச்சத்தைக் கூட்டுவார். பொட்டுகள் இன்னும் வெளிறும். ஆறடித் துணியைப் பக்கவாட்டில், முகத்துக்கு நெருக்கமாக நிறுத்தினால் அதே மினுமினுப்பு நெற்றியிலிருந்து கன்னம் வரை நீண்ட பட்டையாகப் படிந்து, எலும்பின் வளைவையெல்லாம் சொல்லும். நிறம் நிறமாகவே இருக்கும், முகம் ஒளிரும். 'இன்செக்யூர்' என்ற அமெரிக்கத் தொடரின் ஒளிப்பதிவாளர் ஏவா பெர்கோஃப்ஸ்கி, நடிகர்களின் முகத்தில் பளபளப்பைப் பவுடரால் மறைக்காமல், ஒளியைத் திருப்பும் பூச்சைப் போடச் சொல்லி, பெரிய வெள்ளைப் பரப்புகளின் வெளிச்சத்தை அதில் வாங்கியது இந்தக் காரணத்தால்தான். நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. ஒரு சொட்டு எண்ணெயைக் கையில் தேய்த்து முகத்தில் ஒற்றிவிட்டு, நாலு முழ வேட்டிக்குப் பக்கத்தில் அமர வைத்தாலே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் இந்தக் கலையைக் கற்கிறவர் முதலில் பழக வேண்டியது இதுதான்.

சின்னச் சாமான்களில் மிக எளியது விசிட்டிங் கார்டு. ஃப்ளாஷின் தலையை மேல் நோக்கித் திருப்பி, அதன் முதுகில் வெள்ளை அட்டையை ரப்பர் பேண்டால் கட்டினால், பெரும்பகுதி வெளிச்சம் கூரைக்குப் போய்த் திரும்பும். கொஞ்சம் அட்டையில் பட்டு நேரே வந்து கண்ணில் ஒரு பொறியை வைக்கும். பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது. பால்டிமோர் நகரப் பத்திரிகை ஒன்றில் வேலை பார்த்த டேவிட் ஹாபி, 2006 முதல் இப்படிப்பட்ட மலிவு முறைகளைத் தொகுத்து எழுதி உலகம் முழுக்கப் பரப்பினார். தானிய டப்பா அட்டையைக் குழாயாகச் சுருட்டி ஃப்ளாஷின் முன் மாட்டினால், வெளிச்சத்தைக் குறுக்கும் ஸ்னூட் தயார். அந்த வழியில் பழகியவர்கள் ஏராளம்.

ஸ்ட்ராக்களை வெட்டி அடுக்கிச் செய்யும் கிரிட் அதைவிட அழகான வேலை. ஆறு மில்லிமீட்டர் அகல ஸ்ட்ராவை இரண்டரை செண்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, ஃப்ளாஷ் தலையின் அளவுள்ள அட்டைப் பெட்டிக்குள் எழுபது, எண்பது துண்டுகளை நெருக்கி அடுக்கினால் வெளிச்சம் சுமார் 27 டிகிரி கோணத்துக்குள் அடங்கும். ஒரு மீட்டர் தூரத்தில் அரை மீட்டர் வட்டம், அதாவது முகமும் தோளும். ஐந்து செண்டிமீட்டருக்கு வெட்டினால் கோணம் 14 டிகிரி, முகம் மட்டும். ஸ்ட்ராவின் உட்புறம் கறுப்பாக இருக்க வேண்டும். வெள்ளையோ நிறமற்றதோ ஆனால் ஒளி உள்ளேயே முட்டி மோதிப் பக்கவாட்டில் கசியும். பிளாஸ்டிக் ஸ்ட்ரா 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. கறுப்பு சார்ட் பேப்பரைப் பென்சிலில் சுற்றி ஒட்டிய குழாய்கள் அதே வேலையைச் செய்யும், உழைப்பு மட்டும் கூடுதல்.

அகலமான அலுமினிய பேசினின் அடியில் துளையிட்டு, உள்ளே மங்கல் வெள்ளை அடித்து, துளைக்கு முன்னால் ஒரு சின்னத் தட்டைக் கம்பியில் நிறுத்தினால் பியூட்டி டிஷ் மாதிரி ஒன்று வரும். இதைச் செய்துபார்க்கலாம், ஆனால் பெரிதாக எதிர்பார்க்கக் கூடாது. பேசினின் வளைவும் தட்டின் தூரமும் பொருந்தாவிட்டால் நடுவில் ஓட்டை விழுந்த வெளிச்சம் கிடைக்கும். நிழல் கோலம் போடுவது இதைவிடச் சுலபம். முறம், மூங்கில் கூடை, ஜன்னல் கிராதி எதுவானாலும், துணி இல்லாத சின்ன விளக்கைத் தள்ளி வைத்து, தடுப்பை முகத்துக்கு அருகே கொண்டுவந்தால் கூர்மையான நிழல் கிடைக்கும்.

ஃப்ளாஷ் இல்லாதவர்கள் வீட்டு எல்இடி பல்புகளை நாடுவார்கள். ஒன்பது, பன்னிரண்டு வாட் பல்புகள் சிலவற்றை ஒரு பலகையில் அடுக்கி, முன்னால் பட்டர் பேப்பர் கட்டினால் பார்க்க சாஃப்ட்பாக்ஸ் போலவே இருக்கும். பட்டர் பேப்பர் நல்ல பொருள்தான், குறை பல்பில். சாதாரண பல்புகளின் நிறத்துல்லிய மதிப்பெண் 80-ஐ ஒட்டி இருக்கும். அந்த மதிப்பெண் எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. அடர் சிவப்பு அதில் சேர்வதில்லை. தோலுக்குள் ஓடும் ரத்தத்தின் சாயல் அந்தச் சிவப்பில்தான் இருக்கிறது. அது குறைந்த வெளிச்சத்தில் முகம் மெழுகாகத் தெரியும், பிறகு திருத்தவும் முடியாது. பெட்டியின் மேல் 90-க்கு மேல் மதிப்பெண் போட்ட பல்பைத் தேடி வாங்குவது நல்லது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்பதால் மலிவான பல்புகள் நொடிக்கு நூறு முறை துடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் படத்தில் பட்டை விழாது.

ஹாலஜன் விளக்குகள் வேறு கதை. கல்யாண வீடுகளில் ஆயிரம் வாட் வீடியோ லைட் எரிந்த காலத்து விளக்குகள் இன்றும் பழைய விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றின் முன்னால் காகிதமோ தெர்மாகோலோ பாலியஸ்டர் துணியோ கட்டுவது தீயை அழைப்பது. காகிதம் கருகுவதற்கு முன் பெரிதாக அறிகுறி காட்டாது; தெர்மாகோல் உருகிச் சொட்டும். ஹாலஜன்தான் கையில் இருக்கிறது என்றால், மித்ரா செய்ததைச் செய்யலாம். விளக்கைத் தள்ளி வைத்து, சுவரிலோ தூரத்துத் துணியிலோ அடித்துத் திருப்பலாம். ஒயரைப் பிரித்து ஒட்டுவது, ஒரே பிளக்கில் நாலு விளக்கை மாட்டுவது, ஃப்ளாஷைத் திறந்து பார்ப்பது ஆகியவற்றைத் தொடவே கூடாது. ஃப்ளாஷுக்குள்ளிருக்கும் கெபாசிட்டர் பேட்டரியைக் கழற்றிய பிறகும் முந்நூறு வோல்ட் அளவுக்கு மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து.

வாங்க வேண்டியவை சில உண்டு. ஒளி ஊடுருவும் வெள்ளைக் குடை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வீட்டில் செய்ய நினைப்பது நேர விரயம். விளக்கு ஸ்டாண்டும் வாங்கத்தான் வேண்டும். பிவிசி பைப்பில் செய்த ஸ்டாண்டின் உச்சியில் ஃப்ளாஷை மாட்டினால் அது ஆட்டம் காணும், விழுந்தால் நஷ்டம் ஸ்டாண்டின் விலையைப்போல் பல மடங்கு. காசு வாங்கிக்கொண்டு படமெடுக்கப் போகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: வாடிக்கையாளர் வீட்டில் பத்து நிமிடத்தில் விளக்கு நின்றாக வேண்டும், நேற்று வந்த வெளிச்சம் இன்றும் வர வேண்டும். கடைச் சாஃப்ட்பாக்ஸுக்குக் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு அந்த வேகத்துக்கும் ஒரே சீருக்கும்தான். வீட்டில், நண்பர்களோடு, பொறுமையாகக் கற்றுக்கொள்கிறவருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

வெளியில் எடுத்துப் போகும் சட்டத்துக்கு இரண்டு மணல் மூட்டைகள் கட்டாயம். பழைய அரிசிப் பையில் ஆற்று மணலோ எம்-சாண்டோ நிரப்பினால் போதும். இருபத்து நாலு சதுர அடித் துணி காற்றுக்குப் பாய்மரம்தான்; கடற்கரையில் மாலைக் காற்று கிளம்பினால் மூட்டையும் தாங்காது. அப்போது சட்டத்தைக் கீழே படுக்க வைத்துவிட்டு, நண்பர் இருவரை ஆளுக்கு ஒரு முனையாக வேட்டியை மட்டும் பிடிக்கச் சொல்லி, வெயிலுக்கும் முகத்துக்கும் நடுவே நிறுத்தி எடுக்கலாம்.